புதிய குரலுக்கு ஓர் இடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புகுந்த வீட்டுக்கு ஒரு மருமகள் வருகிறாள். ஓர் அலுவலகத்தில் புதிய ஊழியர் ஒருவர் சேருகிறார். ஆண்டின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து ஒரு மாணவி வகுப்புக்கு வருகிறாள். எல்லா இடங்களிலும் ஒரே கேள்விதான் எழுகிறது. வந்தவர் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டுமா? இருப்பவர்கள் சற்று நகர்ந்து இடம் கொடுக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் பிறந்த ஒரு வகைப் பெண்கள் இசைக்குழு பாடியே விடை சொல்லி வருகிறது. அந்த விடையை அடைவதற்குள் அதன் உறுப்பினர்கள் பட்ட பாடும் கொஞ்சமன்று. 'பார்பர்ஷாப்' சேர்ந்திசை என்பது அந்த இசையின் பெயர். பார்பர்ஷாப் என்றால் முடிதிருத்தும் கடைதான். முன்னொரு காலத்தில் அமெரிக்காவில் முடிதிருத்தும் கடைகளில் காத்திருந்தவர்கள் சேர்ந்து பாடியதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

நான்கு குரல், ஒரு பாட்டு

இந்த இசையில் பக்கவாத்தியம் கிடையாது. பியானோ இல்லை, மேளம் இல்லை. மனிதக் குரல் மட்டுமே உண்டு. நால்வராகப் பாடினாலும் நூறு பேராகப் பாடினாலும் குரல்கள் நான்கு பிரிவுகளாகவே பிரியும்.

பாட்டின் மெட்டைப் பாடுபவர்கள் 'லீட்' எனப்படுவர். அவர்களுக்கு மேலே மெல்லிய இழையாக ஒலிப்பது 'டெனர்'. அடியில் அத்திவாரம் போல நிற்பது 'பேஸ்'. நான்காவது பிரிவு 'பாரிடோன்'. மற்ற மூன்று குரல்களும் எடுத்துக்கொண்டது போக எந்தச் சுரம் மிஞ்சுகிறதோ அது பாரிடோனுக்குரியது. சில வேளை மெட்டுக்கு மேலே போகும், சில வேளை கீழே இறங்கும். தனியாகப் பாடிக் காட்டினால் இது என்ன பாட்டு என்று வீட்டிலுள்ளவர்களே கேட்பார்கள். பெருங்காயத்தைத் தனியாக வாயில் போட்டால் முகம் சுளிக்கும். ரசத்தில் அது இல்லாவிட்டால் ரசமே இல்லை. பாரிடோனும் அப்படித்தான்.

பெண்கள் குழுவில் இந்தப் பெயர்களைக் கேட்டுப் பலர் திகைப்பதுண்டு. டெனரும் பேஸும் ஆண்களின் குரல்கள் அல்லவா? ஆண்களிடமிருந்து வந்த இசை என்பதால் பெயர்களை அவர்கள் மாற்றவில்லை. பெண்களில் தாழ்ந்த குரல் உடையவர்கள் பேஸ் பாடுகிறார்கள். "உன் குரல் கட்டைக் குரல், பாட்டுக்கு ஆகாது" என்று பள்ளியில் ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு இந்தக் குழுவில்தான் முதன்முறையாக மதிப்புக் கிடைக்கிறது. அவள் இல்லாவிட்டால் மற்ற மூவரும் நிற்க இடமில்லை.

முதல் மாலை

புதிதாகச் சேர விரும்பும் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போயிருக்கலாம். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடி ஓடிக் களைத்தவளாக இருக்கலாம். குளியலறையைத் தவிர வேறெங்கும் பாடியறியாதவளாகவும் இருக்கலாம். வாரத்தில் ஒரு மாலை, தேவாலய மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ நடக்கும் பயிற்சிக்கு அவள் தயங்கித் தயங்கி வருகிறாள்.

வாசலிலேயே யாராவது ஒருவர் பெயர் கேட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தருவார். முதலில் பாட்டு இல்லை. கை கால்களை நீட்டி மடக்கி, தோளைத் தளர்த்தி, மூச்சை இழுத்து விடும் பயிற்சி. பிறகு உதடுகளைப் பிதுக்கியும் முனகியும் குரலைப் பதப்படுத்தும் பயிற்சி. புதிதாக வந்தவளுக்குச் சிரிப்பு வரும். பக்கத்தில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும்.

இடைவேளையிலோ முடிவிலோ ஒருவர் அவளைத் தனியே அழைத்துப் போய் எவ்வளவு மேலே பாட முடிகிறது, எவ்வளவு கீழே இறங்க முடிகிறது, எந்த இடத்தில் குரல் இயல்பாக ஒலிக்கிறது என்று பார்ப்பார். அதற்கேற்ப நான்கில் ஒரு பிரிவில் அவளை நிறுத்துவார்கள். பாட்டு எழுதிய தாளைப் படிக்கத் தெரிய வேண்டும் என்று பெரும்பாலான குழுக்கள் கட்டாயப்படுத்துவதில்லை. சுரத்தைப் பிடித்து நிறுத்தும் காது இருந்தால் போதும்.

அடுத்தது படிமேடை. வளைவாக அமைந்த படிகளில் குழுவினர் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். புதியவளுக்கு இடம் விட்டு இருவர் நகருகிறார்கள். நடத்துநர் கையை உயர்த்துகிறார். வட்டமான சிறிய சுருதிக் குழலில் ஒருவர் ஒரு சுரத்தை ஊதுகிறார். அந்த ஒரு சுரத்திலிருந்து நான்கு பிரிவுகளும் தத்தம் சுரத்தைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன. நாலாப் பக்கமும் குரல் எழும்பும்போது நடுவில் நிற்பவள் வாயைத் திறக்கவே மறந்துபோகிறாள். தொலைவில் அமர்ந்து கேட்பது வேறு. அந்த ஒலிக்குள்ளேயே நிற்பது வேறு.

வீட்டுப் பாடம்

சேர்வது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. மேடையில் தாளைப் பார்த்துப் பாடும் வழக்கம் இல்லை. ஒவ்வொரு பாட்டும் மனப்பாடம் ஆக வேண்டும். இதற்கென்றே பயிற்சி ஒலிப்பதிவுகள் உண்டு. முன்பு ஒலிநாடாவில் வந்தன. இப்போது கைப்பேசியில் வருகின்றன. ஒரு காதில் தன் பிரிவின் குரல், மறு காதில் மற்ற மூன்று பிரிவுகளின் குரல். சமைக்கும்போதும் காரோட்டும்போதும் அதைக் கேட்டுக் கேட்டு அவள் பழகுகிறாள்.

இங்கேதான் முதல் சோதனை. மனித மனம் மெட்டைத் தேடி ஓடும். பாரிடோன் பாட வேண்டியவள் தன்னையறியாமல் லீடுக்குத் தாவிவிடுவாள். பக்கத்தில் நிற்பவரின் குரல் வலுவாக இருந்தால் அந்தக் குரலுக்குள் நழுவி விழுவாள். தன் சுரத்தை விடாமல் பிடிக்க வேண்டுமென்று காதைப் பொத்திக்கொண்டு பாடினாலோ சுருதி விலகிவிடும். பிறரைக் கேட்க வேண்டும். ஆனால் பிறராகிவிடக் கூடாது. இந்த ஒரு பாடத்தைக் கற்கப் பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

பல குழுக்களில் உறுப்பினராகும் முன் ஒரு தேர்வும் உண்டு. ஒரு பிரிவுக்கு ஒருவராக நால்வர் மட்டும் நின்று பாட வேண்டும். கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள வழியில்லை. தவறினால் விரட்டிவிட மாட்டார்கள். இன்ன இடத்தில் சுருதி இறங்குகிறது, இன்ன இடத்தில் மூச்சு உடைகிறது என்று சொல்லி, மறுபடி முயலச் சொல்வார்கள். பழைய உறுப்பினர் ஒருவர் அவளுக்குத் துணையாக நிற்பார். பயிற்சி நாள், சந்தா, மேடை உடை என்று எதைக் கேட்க வேண்டுமானாலும் அந்தத் துணைவியிடம் கேட்கலாம்.

யாரும் பாடாத சுரம்

இவ்வளவு பாடுபட்டு இவர்கள் தேடுவது என்ன?

பார்பர்ஷாப் இசையில் பாடல் வரி நெடுகிலும் சொல்லுக்குச் சொல் நான்கு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. இந்த இசைக்கே உரிய ஒரு கூட்டு உண்டு. அதில் நான்கு குரல்களின் அதிர்வுகள் 4, 5, 6, 7 என்ற விகிதத்தில் அமையும். அடிக்குரல் நொடிக்கு 200 முறை அதிர்ந்தால் மற்றவை 250, 300, 350 முறை அதிர வேண்டும். பியானோவில் இந்த விகிதம் துல்லியமாக அமையாது. அதன் கட்டைகள் எல்லாப் பாட்டுக்கும் பொதுவாகச் சற்றுச் சமரசம் செய்து சுருதி சேர்க்கப்பட்டவை. மனிதக் குரல் மட்டும் இருக்கும்போது காதால் கேட்டு அந்த நுண்ணிய இடத்துக்கு நகர முடியும். பக்கவாத்தியம் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விகிதம் பொருந்தும் அந்தக் கணத்தில் ஒரு விந்தை நிகழ்கிறது. நான்கு குரல்களிலும் மறைந்திருக்கும் மேல் ஒலிகள் ஒன்றையொன்று தாங்கிப் பெருகுகின்றன. யாருமே பாடாத ஒரு சுரம் தலைக்கு மேலே கணீரென்று கேட்கிறது. தம்பூராவுடன் பழகியவர்களுக்கு இது வியப்பாக இராது. சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்பூராவில் எந்தத் தந்தியிலும் மீட்டாத காந்தாரம் தானாகவே ஒலிப்பதைக் கேட்டிருப்பார்கள். அங்கே தந்திகள் செய்வதை இங்கே தொண்டைகள் செய்கின்றன.

ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. குரலை நடுங்கவிடக் கூடாது. எல்லோரும் ஒரே எழுத்தை ஒரே வாயமைப்பில் உச்சரிக்க வேண்டும். ஒருவர் 'ஆ'வை அகலமாகவும் இன்னொருவர் குறுக்கியும் சொன்னால் கூட்டு கலங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் முந்தக் கூடாது. அழகிய குரல் உடைய ஒருவர் தன் குரல் தனியாகக் கேட்க வேண்டுமென்று ஆசைப்பட்டால் அந்தச் சுரம் பிறக்காது. கூச்சப்பட்டு ஒருவர் வாயை மட்டும் அசைத்தாலும் பிறக்காது.

புதிதாக வருபவர்களுக்கு இந்த அனுபவத்தை உடனே கொடுப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பாட்டின் கடைசிச் சில அடிகளை மட்டும் எடுத்து, தாள் இல்லாமல் வாய்வழியாகக் கற்றுக்கொடுப்பார்கள். 'டேக்' என்று பெயர். பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு மூவருடன் நின்று பாடுகிறாள் புதியவள். கடைசிச் சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது அந்தக் கணீர் ஒலி எழுகிறது. அதற்குப் பிறகு அவள் அடுத்த வாரமும் வருவாளா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

மூடிய கதவு

நேயர்களே! இதுவரை சொன்னது இனிமையான பக்கம். இந்த இசைக்கு வலிமிகுந்த பக்கமும் ஒன்று உண்டு.

முடிதிருத்தும் கடையில் முதலில் சேர்ந்து பாடியவர்கள் யார்? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்கள் இந்த இசையை வளர்த்தனர். முடிதிருத்தும் கடை அவர்கள் கூடிப் பேசும் இடமாகவும் இருந்தது. புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக இருந்தபோது நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் நால்வர் குழுவில் பாடியவர். இந்த வரலாற்றை 1992-இல் ஆய்வாளர் லின் அபாட் ஆதாரங்களோடு எடுத்துக்காட்டினார்.

1938-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் வரி வழக்கறிஞர் ஓவன் கேஷ், அவருடைய நண்பர் ரூப்பர்ட் ஹால் ஆகியோரின் அழைப்பில் 26 ஆண்கள் ஒரு மன்றத்தின் மொட்டை மாடியில் கூடிப் பாடினர். அழிந்துவரும் இசையைக் காக்கும் சங்கம் அதிலிருந்து பிறந்தது. 1945-இல் அதே டல்சாவில் எட்னா மே ஆண்டர்சன் என்பவர் பெண்களைக் கூட்டினார். கணவர்கள் மட்டும்தான் பாடி மகிழ வேண்டுமா என்பது அவர்களின் கேள்வி. பழைய பாடல் ஒன்றின் பெயரைத் தழுவி 'ஸ்வீட் அடலைன்ஸ்' என்ற பெண்கள் அமைப்பு தோன்றியது.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். இசை கறுப்பின மக்களிடமிருந்து வந்தது. அதைக் காப்பதற்கென்று தோன்றிய சங்கங்களோ அவர்களுக்கே கதவை மூடின. 1941-இல் நியூயார்க் போட்டியில் வென்ற கறுப்பின நால்வர் குழுவைத் தேசியப் போட்டியில் பாட ஆண்கள் சங்கம் அனுமதிக்கவில்லை. நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் அல் ஸ்மித் அதைக் கண்டித்துச் சங்கத்திலிருந்து விலகினார். பெண்கள் அமைப்பும் 1958-இல் வெள்ளையினப் பெண்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி செய்தது.

ஆண்கள் தங்களை விட்டுவிட்டுப் பாடுகிறார்களே என்று ஏங்கியவர்கள்தாம் அந்தப் பெண்கள். வெளியே நிற்பதன் வருத்தம் அவர்களுக்குத் தெரியாததன்று. உள்ளே வந்து அமர்ந்த பிறகு அவர்களே இன்னொருவரை வெளியே நிறுத்தினார்கள். இது அமெரிக்காவில் மட்டும் நடக்கும் செயலா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒட்டாவாவில் நடந்தது

அந்த விதியை எல்லோரும் ஏற்கவில்லை. மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் மாநிலங்களைச் சேர்ந்த சில கிளைகள் அமைப்பை விட்டு வெளியேறின. 1959-இல் 'ஹார்மனி இன்கார்ப்பரேட்டட்' என்ற புதிய பெண்கள் அமைப்பை உருவாக்கின.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1963-இல், கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் ஒரு சோதனை வந்தது. அங்கே 'கேப்பிட்டல் கார்டெட்ஸ்' என்ற குழு ஸ்வீட் அடலைன்ஸின் கிளையாக இயங்கியது. அதில் கறுப்பினப் பெண் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள உறுப்பினர்கள் விரும்பினர். விதி குறுக்கே நின்றது.

அவர்கள் என்ன செய்திருக்கலாம்? "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, மேலிடத்து விதி அப்படி, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அந்தப் பெண்ணை அனுப்பியிருக்கலாம். உலகத்தில் பெரும்பாலான அநீதிகள் இந்த வகைப் பணிவான சொற்களால்தான் நடந்தேறுகின்றன. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. குழுவே அமைப்பை விட்டு வெளியேறியது. ஹார்மனி இன்கார்ப்பரேட்டட்டில் சேர்ந்து கனடாவில் அதன் முதல் கிளையாக ஆயிற்று.

ஒரு புதிய உறுப்பினருக்காகப் பழைய உறுப்பினர்கள் அனைவரும் இடம் பெயர்ந்தார்கள். பழகிய போட்டி மேடைகளை விட்டார்கள். அமைப்பின் மற்றக் கிளைகளில் இருந்த தோழிகளைப் பிரிந்தார்கள். படிமேடையில் இரண்டு பேர் ஓரடி நகர்ந்து இடம் விடுவார்கள் என்று சற்று முன் சொல்லப்பட்டது அல்லவா? ஒட்டாவாப் பெண்கள் அந்த ஓரடியைத்தான் இவ்வளவு பெரிதாக எடுத்து வைத்தார்கள்.

காலம் அவர்கள் பக்கமே நின்றது. ஆண்கள் சங்கம் 1963-இல் நிறத் தடையை நீக்கியது. ஸ்வீட் அடலைன்ஸ் 1966-இல் அந்த விதியைக் கைவிட்டது. இன்று இரண்டு பெண்கள் அமைப்புகளும் இயங்குகின்றன. ஸ்வீட் அடலைன்ஸின் குழுக்கள் இங்கிலாந்து, ஸ்வீடன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் பாடுகின்றன. 80 ஆண்டுகள் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த சங்கமும் 2018-இல் பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது. தாமதமாகத் திறந்தாலும் கதவு திறந்தது.

சேர்ந்து நின்றால்தான்

2020-இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது இக்குழுக்கள் ஒரே அறையில் கூடிப் பாட முடியாமல் போயிற்று. கணினித் திரை வழியாகச் சந்தித்தார்கள். முகம் தெரிந்தது, பேச்சும் கேட்டது. ஆனால் சேர்ந்து பாட முடியவில்லை. இணையத்தில் ஒலி சற்றே தாமதமாக வருவதால் நான்கு குரல்களும் ஒரே கணத்தில் சந்திப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு வீட்டில் தனியாகப் பாடினார்கள். அந்தக் கணீர் ஒலிக்கு ஒரே அறையும் ஒரே மூச்சும் தேவை என்பதை அப்போது எல்லோரும் உணர்ந்தார்கள்.

மறுபடி கூடிய முதல் நாள் எப்படி இருந்திருக்கும்? பழையவர்களும் அன்று புதியவர்கள்தாம். குரல் துருப்பிடித்திருக்கும். மறந்துபோன வரிகள் இருக்கும். வராமலே போனவர்களின் இடம் படிமேடையில் காலியாக இருந்திருக்கும். புதிய உறுப்பினர் ஒருவர் வாசலில் தயங்கி நிற்பதன் அருமை அப்படிப்பட்ட நாளில்தான் தெரியும். அவர் வராவிட்டால் பாட்டே நின்றுபோகும்.

மேடை ஏறும் நாள்

அந்தப் புதிய பெண்ணிடம் திரும்புவோர் அவளை இப்போது மேடையில் காணலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி மினுங்கும் உடை. பின்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக அழுத்தமான உதட்டுச் சாயம், ஒட்டுக் கண்ணிமை. தெருவில் இந்த ஒப்பனையுடன் நடந்தால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கையசைவும் முகபாவமும் பாட்டோடு சேர்ந்து பயின்றவை. அவளுக்குக் கால் நடுங்குகிறது. பக்கத்தில் நிற்கும் துணைவி அவள் விரலை ஒருமுறை அழுத்திவிட்டு விடுகிறாள்.

சுருதிக் குழல் ஒலிக்கிறது. பாட்டுத் தொடங்குகிறது. அரங்கில் இருப்போர் அவள் குரலைத் தனியாகக் கேட்கப் போவதில்லை. யார் புதியவர், யார் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் என்றும் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் தன் சுரத்தைச் சரியாகப் பிடித்தால் ஒருவரும் பாடாத அந்தச் சுரம் கேட்கும். அதில் அவள் பங்கும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு அது போதும்.

அன்பார்ந்த நேயர்களே! தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கிடைத்திருக்கும். வந்தவர் மாற வேண்டுமா, இருந்தவர் நகர வேண்டுமா? இரண்டும் வேண்டும். வந்தவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தம் குரலை விட்டுவிடக் கூடாது. இருந்தவர் ஓரடி நகர வேண்டும். நகரும்போது முகம் சுளிக்கக் கூடாது. புதிய மருமகளை "எங்கள் வீட்டில் இப்படித்தான்" என்ற ஒரே சொல்லால் அடக்கிவிட்டால் அந்த வீட்டில் ஒரு குரல் குறைகிறது. புதிய ஊழியரை ஆறு மாதம் யாரும் உணவுக்கு அழைக்காவிட்டால் அந்த அலுவலகத்தில் ஒரு குரல் குறைகிறது. ஆலயத்திலும் சங்கத்திலும் பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் இதே கணக்குத்தான்.

அடுத்த முறை உங்கள் வாசலில் ஒருவர் தயங்கி நின்றால், உள்ளே அழைத்து, பெயரைக் கேட்டு, பக்கத்தில் இடம் கொடுங்கள். அதுவரை உங்கள் வீட்டில் கேட்காத ஒரு சுரம் அன்று கேட்கலாம்.